கேமரா பார்க்கும் வழியிலேயே வெளிச்சம்: கோஆக்சியல் லைட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது, எங்கே நிறுத்துவது

கிரைண்டிங் முடிந்து வந்த ஒரு எஃகு வளையத்தை டியூப் லைட்டுக்கு அடியில் லேசாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் முகம் முழுக்க வெள்ளையாகப் பளிச்சிடும். கொஞ்சம் சாய்த்தால் அதே முகம் கறுத்துப்போகும். லேசரில் போட்ட குறியீடு ஒரு கோணத்தில் தெளிவாகத் தெரியும், அடுத்த கோணத்தில் இருக்கிற இடமே தெரியாது. இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் பல வருடம் உட்கார்ந்தவர்கள் இதைப் பற்றி யோசிப்பதே இல்லை. மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டே வந்து, குறை தெரிகிற கோணத்தில் கை தானாக நின்றுவிடும். அந்த வேலையைக் கேமராவிடம் கொடுக்கும்போது மணிக்கட்டு செய்ததை விளக்குதான் செய்ய வேண்டியிருக்கிறது.

சென்னையில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுவதற்குக் காரணம் இருக்கிறது. 1958-ல் வந்த கிண்டி தொழிற்பேட்டை, அடுத்த பத்தாண்டில் வந்த அம்பத்தூர், 1998-ல் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கிய இருங்காட்டுக்கோட்டை, அப்புறம் ஒரகடம் என்று இந்த ஊரைச் சுற்றித் தயாராவதில் பெரும்பகுதி கடைந்த, அரைத்த, மெருகேற்றிய உலோகம். 2006-ல் நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனும் சர்க்யூட் போர்டும் சேர்ந்துகொண்டன. எல்லாமே பளபளப்பவை. கேமராவுக்குப் பிடிக்காத சரக்கு என்றே சொல்லலாம்.

ஒரு லைனில் கேமராவால் பார்ட்டைச் சோதிக்கும் விஷன் சிஸ்டம் போடும்போது பட்ஜெட் முதலில் கேமராவுக்குப் போகும், பிறகு சாஃப்ட்வேருக்கு. விளக்கு கடைசியில் ஞாபகத்துக்கு வரும். அப்போது கிடைக்கிற அறிவுரை பெரும்பாலும் ஒற்றை வரிதான்: “பளபளப்பான பார்ட்டா, கோஆக்சியல் போட்டுடுங்க.” பாதி சரியான அறிவுரை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பெட்டிக்குள் நடப்பது

கோஆக்சியல் லைட் என்பது கேமரா லென்ஸுக்கும் பார்ட்டுக்கும் நடுவில் உட்காரும் ஒரு சதுரப் பெட்டி. மேலேயும் கீழேயும் திறப்பு. ஒரு பக்கச் சுவரில் எல்இடி வரிசை, அதன் முன்னால் பால் நிற டிஃப்யூசர். நடுவில் 45 டிகிரி சாய்வில் ஒரு பீம் ஸ்ப்ளிட்டர், அதாவது பாதி ஒளியைத் திருப்பி, பாதியை ஊடுருவ விடும் கண்ணாடி. பக்கத்திலிருந்து வரும் ஒளி அதில் பட்டுக் கீழே திரும்பி, கேமரா பார்க்கும் அச்சிலேயே பார்ட்டின் மேல் இறங்கும். பார்ட்டின் முகம் தட்டையாகவும் கேமராவுக்கு நேராகவும் இருந்தால், வந்த வழியே மேலே திரும்பி, ஸ்ப்ளிட்டரை ஊடுருவி லென்ஸுக்குள் போகும்.

யோசனை பழையது. 1851-ல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் உயிருள்ள கண்ணின் உள்ளே விழித்திரையைப் பார்க்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். அவருக்கு இருந்ததும் இதே சிக்கல்தான். கண்ணின் பாப்பாவுக்குள் ஒளியை அனுப்பிய திசையிலேயே அது திரும்பி வரும், அங்கே தலையை வைத்தால் ஒளி மறையும். சாய்த்து வைத்த சில கண்ணாடித் தகடுகளால் விளக்கொளியைக் கண்ணுக்குள் திருப்பிவிட்டு, அந்தத் தகடுகளின் ஊடாகவே அவர் பார்த்தார். 1819-ல் தொடங்கிய எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் ஓபிடி வரிசையில் நின்றவர்கள் அந்தக் கருவியின் வாரிசைப் பக்கத்தில் பார்த்திருப்பார்கள். தொழிற்சாலையில் விழித்திரைக்குப் பதில் பிஸ்டன் முகம், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டில் ஒளி நிறையவே வீணாகும். 50-க்கு 50 ஸ்ப்ளிட்டர் என்றால் போகும்போது பாதி போச்சு, வரும்போது மீதியில் பாதி போச்சு. பார்ட் முழுக் கண்ணாடியாகவே இருந்தாலும் கிளம்பிய ஒளியில் கால்பங்குக்கு மேல் கேமராவைச் சேராது. அதனால்தான் லென்ஸைச் சுற்றி வளையமாக எரியும் ரிங் லைட்டில் நன்றாக ஓடிய எக்ஸ்போஷர் நேரம் இங்கே போதவில்லை என்ற புகார் வருகிறது. லைன் வேகமாக ஓடினால், படமெடுக்கும் கணத்தில் மட்டும் விளக்கைப் பளிச்சென எரியவிடும் ஸ்ட்ரோப் கன்ட்ரோலரையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

கேமரா உண்மையில் எதைப் பார்க்கிறது

பளபளப்பான தட்டை முகத்தை கோஆக்சியலில் படமெடுக்கும்போது திரையில் தெரியும் வெள்ளை, டிஃப்யூசரின் பிம்பம். பார்ட் அதைக் காட்டும் கண்ணாடியாக இருக்கிறது. முகத்தில் ஒரு கீறல் இருந்தால் அந்த இடத்தில் பரப்பு சாய்ந்திருக்கும். அங்கே படும் ஒளி வேறு திசையில் போய்விடும், கேமராவுக்கு அந்த இடம் கறுப்பு. பொறித்த எழுத்து, உடைந்த விளிம்பு, துருப்புள்ளி எல்லாம் இப்படித்தான் வெள்ளைத் தரையில் கறுப்பாகத் தெரிகின்றன. ஆகவே கோஆக்சியல் லைட்டைச் சாய்வை அளக்கும் கருவியாக நினைப்பது நல்லது. எவ்வளவு பிரகாசம் என்பதைவிட, எவ்வளவு சாய்வு வரை வெள்ளை, எங்கிருந்து கறுப்பு என்பதுதான் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி.

இங்கே பிரதிபலிப்பு விதி ஒன்றை மறக்கக் கூடாது. பரப்பு 1 டிகிரி சாய்ந்தால் திரும்பும் ஒளி 2 டிகிரி விலகும். கன்வேயரில் வரும் பார்ட் 2 டிகிரி சாய்ந்து உட்கார்ந்தால் ஒளி 4 டிகிரி தள்ளிப்போகும், 100 மிமீ தூரத்தில் அது 7 மிமீ. 2 டிகிரி என்பது கண்ணுக்குத் தெரியும் கோணல்கூட இல்லை. 40 மிமீ அகலமான பார்ட்டின் ஒரு ஓரம் 1.4 மிமீ தூக்கியிருந்தால் போதும். அடியில் ஒரு பர்ர், அதாவது வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிறு, இருந்தாலே ஆயிற்று. காலை ஷிஃப்டில் எல்லாம் சரியாக ஓடி, மதியம் தட்டு மாற்றியதும் நல்ல பார்ட்டெல்லாம் ரிஜெக்ட் ஆவதன் பின்னால் பல நேரம் இந்த 1.4 மிமீதான் இருக்கும். அதைத் தெரியாமல் சாஃப்ட்வேரில் திரெஷோல்டை, அதாவது நல்லது கெட்டது பிரிக்கும் எல்லை அளவை, மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

எவ்வளவு பெரிய பெட்டி

கேட்லாக்கில் 50, 70, 100 என்று வாயகலம் போட்டிருக்கும். பார்ட் 40 மிமீ என்றால் 50 போதும் என்று தோன்றும். போதாது. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

பார்வைப் பரப்பு 40 மிமீ. கேமராவில் 2/3 அங்குல சென்சார், அகலம் 8.8 மிமீ. 50 மிமீ லென்ஸ் போட்டால் பார்ட்டிலிருந்து லென்ஸ் ஏறக்குறைய 280 மிமீ உயரத்தில் இருக்க வேண்டும். 70 மிமீ வாயுள்ள பெட்டியைப் பார்ட்டுக்கு மேல் 30 மிமீ இடைவெளியில் நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். பெட்டிக்குள் டிஃப்யூசரிலிருந்து கீழ் வாய் வரை ஒளி நடக்கும் தூரம் ஏறக்குறைய 70. ஆக, டிஃப்யூசர் பார்ட்டிலிருந்து 100 மிமீ தொலைவில் இருக்கிறது.

இப்போது கேமராவின் பார்வையைப் பின்தொடருங்கள். லென்ஸிலிருந்து விரிந்துகொண்டே இறங்கி, 280 மிமீ-யில் பார்ட்டைத் தொடும்போது அதன் அகலம் 40. அங்கே பட்டுத் திரும்பினாலும் விரிவது நிற்காது. இன்னும் 100 மிமீ நடந்து டிஃப்யூசரை அடையும்போது 40 × 380 ÷ 280, அதாவது 54 மிமீ ஆகிவிடும். பார்ட் இரு பக்கமும் 2 டிகிரி வரை ஆடலாம் என்றால் பக்கத்துக்கு 7 வீதம் 14 கூட்டுங்கள்: 68. லென்ஸின் துளைக்கும் ஒரு அகலம் உண்டு. எஃப்/8-ல் அது 6 மிமீ சொச்சம், அதற்கு இன்னொரு 2 மிமீ. மொத்தம் 70. நாற்பதுக்கு எழுபது என்பது இப்படித்தான் வருகிறது.

இதே இடத்தில் 25 மிமீ லென்ஸ் போட்டால் என்ன ஆகும்? கேமராவை 140 மிமீ-க்கு இறக்க வேண்டும். பார்வை வேகமாக விரியும், அதனால் 40 × 240 ÷ 140, ஏறக்குறைய 69. சாய்வையும் துளையையும் சேர்த்தால் 85. பெட்டி பெரிதாகும். பெட்டி பெரிதானால் உள்ளே ஒளி நடக்கும் தூரமும் கூடும், அதற்கு இன்னும் பெரிய பெட்டி. இடையில் லென்ஸும் பெட்டியும் ஒன்றையொன்று இடிக்கத் தொடங்கும். மெஷினுக்குள் உயரம் இல்லை என்று குறுகிய லென்ஸைத் தேர்ந்தெடுத்த பிறகு கோஆக்சியலைத் தேடுகிறவர்கள் இந்தச் சுழலில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். லென்ஸையும் லைட்டையும் ஒரே தாளில் வரைந்து முடிவெடுக்க வேண்டும், தனித்தனியாக ஆர்டர் போடக் கூடாது.

கிட்டே வைப்பதா, தள்ளி வைப்பதா

“கோஆக்சியலை எவ்வளவு கிட்டே வைக்க முடியுமோ அவ்வளவு கிட்டே வை” என்பது எல்லா வெண்டரும் சொல்லும் விதி. படம் முழுக்க ஒரே சீராக வெள்ளை வேண்டும் என்றால் விதி சரி. மேலே போட்ட கணக்கிலும் டிஃப்யூசர் நெருங்க நெருங்கத் தேவையான அகலம் குறைகிறது.

ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. 70 மிமீ டிஃப்யூசர் 100 மிமீ தொலைவில் இருக்கும்போது, பார்ட்டின் நடுப்புள்ளியிலிருந்து அது பக்கத்துக்கு 19 டிகிரி விரிந்து தெரியும். சாய்வு இரட்டிப்பாகும் விதிப்படி, 9 டிகிரி வரை சாய்ந்த எந்தச் சின்னப் பரப்பும் டிஃப்யூசரின் ஏதாவது ஒரு பகுதியைக் காட்டி வெள்ளையாகவே தெரியும். சுவர் செங்குத்தான கீறல் கறுப்பாகும், சந்தேகமில்லை. விரலால் தடவினால் மட்டும் தெரியும் ஆழமில்லாத பள்ளம், 2 டிகிரி சரிவுள்ள ஒரு டென்ட் (நசுங்கல்), மெருகில் வந்த மெல்லிய அலை போன்றவை இந்த விளக்கில் அப்படியே கரைந்துபோகும். பார்ட் கோணலாக உட்கார்ந்தாலும் மன்னிக்கிற விளக்கு, குறையையும் மன்னித்துவிடுகிறது.

அப்படியானால் பெட்டியை உயர்த்தலாமா? லென்ஸுக்கு அடியில் ஒட்டும்படி உயர்த்தினால் டிஃப்யூசர் 280 மிமீ தொலைவுக்குப் போகும். மன்னிக்கும் சாய்வு 9-லிருந்து மூன்றரை டிகிரிக்கு இறங்கும், டென்ட்டுகள் தலைகாட்டத் தொடங்கும். ஆனால் இப்போது தேவையான டிஃப்யூசர் அகலம் 40 × 560 ÷ 280, அதாவது 80. கையில் இருப்பது 70. படத்தின் ஓரங்கள் இருண்டுவிடும். சாதாரண லென்ஸோடு இரண்டையும் ஒருசேரப் பெற முடியாது.

மெல்லிய சாய்வுகளைத்தான் பிடிக்க வேண்டும் என்றால் வழி டெலிசென்ட்ரிக் லென்ஸும் அதற்குள்ளேயே வரும் கோஆக்சியலும். அதில் பார்வைக் கதிர்கள் விரியாமல் இணையாகப் போகும், ஒளியும் இணைக்கதிராகவே இறங்கும். டிகிரியில் சிறு பின்னம் சாய்ந்தாலே படத்தில் நிழல் விழும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முன்கண்ணாடி பார்வைப் பரப்பைவிடப் பெரிதாக இருந்தாக வேண்டும் என்பதால் எடையும் விலையும் ஏறும். அதைவிட முக்கியம், பார்ட்டும் அதே துல்லியத்தில் நேராக உட்கார வேண்டும். இரண்டு டிகிரி ஆடுகிற கன்வேயருக்கு மேல் டெலிசென்ட்ரிக் போட்டால் பாதிப் படங்கள் முழுக் கறுப்பாக வரும். என் கருத்தில் பணத்தை முதலில் பார்ட்டைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்ச்சரில் போடுவதே லாபம். மூன்று புள்ளியில் பார்ட்டை உட்காரவைக்கும் ஒரு நல்ல நெஸ்ட் இருந்தால், பெரிய பெட்டி, விலையுயர்ந்த கன்ட்ரோலர் எல்லாவற்றிலும் மிச்சம் பிடிக்கலாம்.

எந்தப் பரப்புக்கு ஆகாது

உருளைக்கும் கோளத்துக்கும் கோஆக்சியல் வேலைக்கு ஆகாது. பேரிங் குண்டில் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும், ஷாஃப்ட்டில் ஒரு வெள்ளைக் கோடு, மற்றதெல்லாம் இருட்டு. கசங்கிய அலுமினிய ஃபாயில் ஒட்டிய மாத்திரை அட்டையில் வெள்ளையும் கறுப்பும் திட்டுத்திட்டாக வரும். அங்கே எல்லாத் திசையிலிருந்தும் ஒளி தரும் டோம் லைட் சரி. ஆனால் டோமின் உச்சியில் கேமராவுக்கு ஒரு ஓட்டை உண்டு, தட்டையான பளபளப்பு வந்தால் அந்த ஓட்டை படத்தின் நடுவில் கறுப்பு வட்டமாகத் தெரியும். அந்த ஓட்டைக்கு மேல் ஒரு கோஆக்சியலை வைத்து இரண்டையும் சேர்த்து எரிப்பவர்களும் உண்டு.

மேட் ஃபினிஷ் பிளாஸ்டிக், ரப்பர், பெயின்ட் அடித்த வார்ப்பு போன்றவை ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். அவற்றுக்கு கோஆக்சியல் போடுவது ஒளியைக் கால்பங்காக்கிச் செலவழிப்பதற்குச் சமம். ரிங் லைட்டே போதும்.

லேத்தில் கடைந்த முகம் சுவாரசியமானது. பக்கத்திலிருந்து பார் லைட் அடித்தால் வட்டத் தடங்கள் காரணமாக எதிரெதிரே இரண்டு விசிறிகள் போல வெள்ளை தெரியும், லைட்டை நகர்த்தினால் விசிறியும் சுற்றும். ஒவ்வொரு தடமும் ஒளியை மையத்தை நோக்கியோ வெளிநோக்கியோதான் விரிக்கும் என்பதால் வரும் வினை இது. அச்சிலிருந்தே ஒளி இறங்கும்போது எல்லாத் தடங்களுக்கும் நிலைமை ஒன்றுதான். முகம் ஏறக்குறைய சீராக வெளுக்கும், அதன்மேல் உள்ள டேட்டா மேட்ரிக்ஸ் குறியீடு படிக்க வரும். டிஃப்யூஸ் கோஆக்சியலின் மன்னிக்கும் குணம் இங்கே நமக்குச் சாதகம். தடங்களின் சின்னச் சாய்வுகள் மறைந்து குறியீட்டின் செங்குத்துச் சுவர்கள் மட்டும் மிஞ்சும்.

குறை எந்த வகை என்று முன்கூட்டியே தெரியாத இடத்தில், ஒரே நிலையத்தில் கோஆக்சியலையும் தாழ்கோண ரிங் லைட்டையும் வைத்து, மாற்றி மாற்றி ஒளிரவிட்டு இரண்டு படம் எடுப்பது வழக்கம். தூசி, கீறல் எல்லாம் ஒன்றில் கறுப்பாகவும் மற்றதில் வெள்ளையாகவும் வரும். எண்ணெய்க் கறை போன்றவை பெரும்பாலும் ஒன்றில்தான் தெரியும். அந்த வித்தியாசமே தகவல்.

நிறம்

உலோகம் எஃகோ அலுமினியமோ என்றால் நிறம் பெரிய விஷயமில்லை. தாமிரமும் தங்கமும் வந்தால் கதை மாறும். தங்கம் சிவப்பு ஒளியில் 90 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும், 450 நானோமீட்டர் நீலத்தில் பாதிகூடத் திருப்பாது. பச்சை சோல்டர் மாஸ்க் (காப்புப் பூச்சு) போட்ட சர்க்யூட் போர்டில் தங்க முலாம் பேடுகளை, அதாவது பாகங்களைப் பற்றவைக்கும் திட்டுகளை, பார்க்கச் சிவப்பு கோஆக்சியல் போட்டால் பேடு வெளுக்கும், மாஸ்க் இருளும். வெள்ளீயம் படிந்த இடத்தையும் வெறும் தாமிரத்தையும் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் நீலம். அதில் தாமிரம் மங்கும், வெள்ளீயம் மங்காது. மிக நுண்ணிய கீறலுக்கும் நீலம் கொஞ்சம் மேல், அலைநீளம் குறைவு என்பதால்.

மேஜையில் சோதித்துப் பார்ப்பது

லைனில் ஏற்றுவதற்கு முன் டூல் ரூமிலேயே அரை மணி நேரத்தில் செய்யக்கூடிய சோதனை இது. பார்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நல்ல கண்ணாடியை வையுங்கள், முன்பக்கம் பூச்சுள்ளது கிடைத்தால் உத்தமம், இல்லையென்றால் கண்ணாடிபோல் மெருகேற்றிய அளவுத் துண்டான கேஜ் பிளாக். திரை முழுக்கச் சீராக வெள்ளை வந்தால் அகலம் போதும். ஓரம் இருண்டால் பெட்டி சிறியது அல்லது அச்சு விலகியிருக்கிறது. அடுத்து அதை ஒரு சைன் பார் (துல்லியமான கோணத்தில் சாய்க்க உதவும் பட்டை) மேல் வைத்துச் சாய்க்க வேண்டும். 100 மிமீ சைன் பாரின் ஒரு முனைக்கு அடியில் 3.49 மிமீ ஸ்லிப் கேஜ் (அளவுத் துண்டு) வைத்தால் 2 டிகிரி. எந்த உயரத்தில் ஓரம் கறுக்கத் தொடங்குகிறதோ அதுதான் உங்கள் அமைப்பு தாங்கும் சாய்வு. ஃபிக்ஸ்ச்சர் வரைபடத்தில் அந்த எண்ணை எழுதிவிடலாம்.

மூன்றாவதாக, பார்ட்டை எடுத்துவிட்டுக் கீழே ஆழமான ஒரு கறுப்பு டப்பாவை வையுங்கள். படம் முழுக் கறுப்பாக வர வேண்டும். சாம்பல் நிறமாக வந்தால் பெட்டிக்குள்ளேயே ஒளி அலைகிறது. ஸ்ப்ளிட்டரை நேராக ஊடுருவிய பாதி ஒளி எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்புகிறது என்று அர்த்தம். அந்தச் சுவரில் ஒளியை விழுங்கும் கறுப்பு வெல்வெட் போன்ற பூச்சு இருந்தாக வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் எல்இடி பட்டை வாங்கி, கண்ணாடிக் கடையில் ஒரு துண்டு வெட்டி, சொந்தமாகப் பெட்டி செய்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்தச் சுவரில்தான். அப்புறம் கண்ணாடியின் பின்முகம் எதிரொளித்து ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு நிழல் இரட்டை வருவதும் வீட்டுத் தயாரிப்பில் சகஜம். வாங்கும் பெட்டியில் பின்முகத்துக்குப் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு உண்டா என்று கேளுங்கள்.

உண்மையில் சில இடங்களில் பெட்டியே தேவைப்படாது. கேமராவை 15 டிகிரி ஒரு பக்கம் சாய்த்து, எதிர்ப்பக்கம் 15 டிகிரியில் ஒரு தட்டை டிஃப்யூஸ் பேனலை நிறுத்தினால் அதே வெள்ளைத் தரை, கறுப்புக் கீறல் கிடைக்கும். ஸ்ப்ளிட்டர் தின்னும் முக்கால்பங்கு ஒளியும் மிச்சம். படம் ஒரு பக்கம் குறுகும், ஃபோகஸ் ஓரங்களில் தளரும், அதனால் அளவெடுக்கும் வேலைக்கு உதவாது. குறியீடு படிக்கவும் இருக்கிறதா இல்லையா பார்க்கவும் தாராளமாகப் போதும்.

சென்னையில் ஓட்டும்போது

கத்திரி வெயிலில் ஷீட் கூரைக்கு அடியில் எல்இடி நன்றாகவே சூடாகும். சூடு ஏற ஏற ஒளி குறையும். சிவப்பு எல்இடி நீலத்தைவிட இதில் பலவீனம். காலையில் செட் செய்த திரெஷோல்ட் மதியம் மூன்று மணிக்கு இடறினால் முதலில் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். தொடர்ந்து எரிய விடாமல் ஸ்ட்ரோபில் ஓட்டினால் சூடு வெகுவாக அடங்கும். எக்ஸ்போஷரும் குறுகுவதால், நொடிக்கு 100 முறை துடிக்கும் டியூப் லைட்டின் தொல்லையும் குறையும்.

ஈரப்பதம் இன்னொன்று. ஏசி அறையில் 22 டிகிரியில் இருந்த பெட்டியை ஷாப் ஃப்ளோருக்குக் கொண்டுவந்தால் இந்த ஊர்க் காற்றில் ஸ்ப்ளிட்டர் மேல் உடனே ஈரம் படரும், படம் முழுக்க மங்கும். கொஞ்ச நேரம் விட்டால் தானாகக் காயும். துணியால் தேய்த்தால் பூச்சு போய்விடும். கம்ப்ரஸர் காற்றை அடிப்பதும் வேண்டாம், ஷாப் ஃப்ளோர் காற்றுக் குழாயில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து வருவது புதிதல்ல. கூலன்ட் ஆவி பறக்கும் இடமென்றால் பெட்டியின் கீழ் வாய்க்கு மாற்றக்கூடிய ஒரு கண்ணாடி மூடி போட்டு, அதை மட்டும் துடைத்துக்கொள்வது நல்லது. அந்த மூடியே எதிரொளித்துப் படத்தை வெளுக்காமல் இருக்க அதற்கும் பூச்சு வேண்டும்.

சுத்தம் செய்யக் கழற்றினால், மாட்டிய பிறகு அளவுகளைச் சரிபார்க்காமல் லைனைத் தொடங்காதீர்கள். 1 மிமீ தடிமனுள்ள ஸ்ப்ளிட்டர் 45 டிகிரியில் பார்வைக் கோட்டை ஏறக்குறைய 0.33 மிமீ பக்கவாட்டில் நகர்த்துகிறது. பெட்டி அதே இடத்தில் இருக்கும்வரை அது தெரியாது. தொண்ணூறு டிகிரி திருப்பி மாட்டிவிட்டால் பிம்பம் வேறு பக்கம் நகரும், ரோபோ பார்ட்டை எடுக்கும் இடம் அதற்கேற்பத் தவறும். இடம் மாறாமல் பிடிக்கும் டவல் பின் (dowel pin) இரண்டு வைத்து, ஒரு வழியில் மட்டுமே மாட்ட வரும்படி பிராக்கெட் செய்துகொள்ளுங்கள்.